இணையக்கடை அமைவுகளைக் கொணரும் கருவிக்குக் காண்டிகையுரை

1. முன்னுரை

சேலம் நகருக்கு வடக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாய் விளங்குவது சேர்வராயன் மலை. அம்மலைமேல், கடல் மட்டத்தினின்று ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்தது ஏற்காடு. ஏரியும் காடும் அடுத்திருத்தலின் இப்பெயர் வந்தது என்பர். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராய் இருந்த காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அன்று தொட்டு இருநூறு ஆண்டுகளாக இம்மலையின் வாழ்வு காப்பியோடு பிணைந்து கிடக்கிறது. சில்வர் ஓக் மரங்களின் நிழலிற் காப்பிச் செடிகளும், அம்மரங்களையே கொழுகொம்பாகப் பற்றி மிளகுக் கொடிகளும் வளர்வதை இன்றும் அங்குச் செல்வோர் காணலாம்.

இக்காலத்து மலைச்சரக்கு விற்கும் சிறு வணிகருட் சிலர், தாமே காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்துப் பொட்டலமிட்டு, இணையத்திற் கடை திறந்து, நாட்டின் எப்பகுதியில் உள்ளார்க்கும் அஞ்சல் வழியாக அனுப்புகின்றனர். அவ்வாறு கடை நடத்துவார்க்கு உதவும் மென்பொருட் கருவிகள் பல. அவற்றின் பயன்பாட்டை விளக்கும் ஏடுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் உள்ள சிலவும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தனவாய், படிப்பார்க்குப் பொருள் விளங்காமல் நிற்கின்றன.

சில திங்களுக்கு முன் அத்தகைய கருவி ஒன்றுக்குத் தமிழில் விளக்கம் எழுதும் பணியை யாமும் எம் முதுகலை மாணவரும் மேற்கொண்டோம். முதல் முயற்சியில் யாம் ஒரு பிழை செய்தோம். அப்பிழையால் ஏற்காட்டு வணிகர் ஒருவர்க்கு இடர் நேர்ந்தது. அதனை ஆராய்ந்தபோது, கருவி விளக்கம் எழுதுதற்கு வேண்டிய ஒழுங்கு தமிழ் உரைமரபிலேயே, சிறப்பாக நன்னூல் கூறும் காண்டிகையுரை இலக்கணத்திலேயே அமைந்திருத்தலைக் கண்டோம். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். பண்டை ஆசிரியர் கணிப்பொறியை முன்னுணர்ந்தனர் என்று கூறுதல் எம் கருத்தன்று. சுருங்கிய வாசகம் ஒன்றனைப் பிறர்க்கு ஐயமின்றி உணர்த்துவது எவ்வாறு என்னும் வினா அவர்க்கும் இருந்தது, நமக்கும் இருக்கிறது என்பதே யாம் கூறப் புகுவது.

2. கருவியின் இயல்பு

வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருள் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. இணையப் பக்கங்களை ஆக்கி வெளியிட உதவும் அதனோடு இணைந்து, கடை நடத்த உதவும் துணை மென்பொருளாக வூகாமர்ஸ் 2011ஆம் ஆண்டில் தோன்றியது. இவ்விரண்டும் மூலநிரல் திறந்தவை. எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம். அதனாற் சிறு வணிகர் பலர் இவற்றை மேற்கொண்டுள்ளனர்.

கடை ஒன்று நடைபெறுதற்குப் பல செய்திகள் முன்னரே முடிவு செய்யப்பெற வேண்டும். எந்த நாணயத்தில் விலை கூறுவது, எடையை எந்த அலகால் அளப்பது, வரி கணக்கிடுவதா இல்லையா, கடை எந்த மாநிலத்தில் உள்ளது என்பன போன்றவை அவை. இம்முடிவுகளையே ஈண்டு அமைவுகள் என்கிறோம். கடைக்காரர் இவற்றைத் திரையிற் பல பக்கங்களிற் சென்று காணவும் மாற்றவும் இயலும். எனினும், எல்லாவற்றையும் ஒருங்கே தொகுத்துக் காண்டல் அரிது. ஆதலின், அவற்றைக் கடையினின்று கேட்டுப் பெற்று ஒரு பட்டியலாக்கித் தரும் சிறு கருவி ஒன்றைக் கணினியியல் மாணவர் இருவர் எழுதித் தந்தனர். அதற்கு உரை வகுத்தலே எமக்கு உற்ற பணி.

இக்கருவி கடையொடு பேசும் முறை எளியது. இணையத்தில் ஒரு பொருளைக் ‘கொடு’ என்று கேட்கும் வினை ஒன்றுண்டு. 1991ஆம் ஆண்டிலிருந்த இணைய நெறிமுறையின் முதல் வடிவில் அவ்வொரு வினையே இருந்தது. பின்னர் ஏற்றுதல், மாற்றுதல், அழித்தல் ஆகியவற்றுக்குரிய வினைகள் சேர்ந்தன. இவ்வினைகளை ஒழுங்குறப் பயன்படுத்தும் கட்டமைப்பு நெறி ஒன்றை ராய் பீல்டிங் என்பார் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து இர்வைன் வளாகத்திற்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் வகுத்துரைத்தார். வூகாமர்ஸ் அந்நெறியைப் பின்பற்றுகிறது. எம் கருவியோ ‘கொடு’ என்னும் வினையை மட்டுமே ஆள்வது. எனவே, அது கடையில் எதனையும் மாற்றுவதன்று.

கேட்கும் முறையில் இரு படிகள் உள. முதற்கண் அமைவுத் தொகுதிகளின் பெயர்களைக் கேட்டால், பொது, பொருள்கள், வரி, கணக்கு எனத் தொகுதிப் பெயர்கள் வரும். பின்னர் ஒரு தொகுதியைச் சுட்டிக் கேட்டால், அதன்கண் உள்ள அமைவுகள் ஒவ்வொன்றாய் வரும். நன்னூலார் உத்திகளுள் வைத்த தொகுத்துச் சுட்டலும் வகுத்துக் காட்டலும் இவையே என்று எம் மாணவர் ஒருவர் கூறியது பொருத்தமாகவே இருந்தது. விளக்க ஏட்டின் வைப்புமுறையும் இவ்வரிசையையே பின்பற்றியது.

ஒவ்வோர் அமைவும் சில உறுப்புகளோடு வருகிறது. அமைவின் உட்பெயர், திரையில் தோன்றும் முகப்புப்பெயர், ஒருவரி விளக்கம், விடையின் வகை, முன்னிருப்பு, நடப்பு மதிப்பு என்பன அவற்றுள் இன்றியமையாதன. தெரிந்தெடுக்கும் வகையாயின், தெரிவுகளின் பட்டியலும் உடன்வரும். இவற்றுள் முன்னிருப்பு என்பது கடைக்காரர் எதுவும் செய்யாத வழி மென்பொருள் தானே கொள்ளும் மதிப்பு. நடப்பு மதிப்பு என்பது கேட்கும் அந்நேரத்தில் கடையில் வழங்கும் மதிப்பு. இவ்விரண்டன் வேறுபாட்டை யாம் முதலிற் சிறிதாக எண்ணிவிட்டோம்.

3. நேர்ந்த பிழை

எம் முதல் விளக்க ஏடு அமைவின் பெயரையும் நடப்பு மதிப்பையும் மட்டும் இரு பத்தியாக வைத்தது. படிப்பார்க்கு எளிமை வேண்டும் என்று கருதி ஏனையவற்றை விலக்கினோம். வரித் தொகுதியில் ஓர் அமைவு, கடைக்காரர் இடும் விலை வரியை உள்ளடக்கியதா அன்றா என்று வினவுவது. அதன் விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என இரண்டே. எம் ஏட்டில் அதனை, ‘விலையில் வரி – இல்லை’ என்று எழுதினோம்.

ஏற்காட்டிற் காப்பித்தூள் விற்கும் சிறு வணிகர் ஒருவர் இக்கருவியைத் தம் கடைக்குப் பயன்படுத்திப் பார்க்க இசைந்தார். பட்டியலைப் படித்த அவர், ‘இல்லை’ என்றிருந்ததைக் கண்டு, விலைமேல் வரி எதுவும் ஏறவில்லை என்று பொருள் கொண்டு அமைந்தார். உண்மையோ இதற்கு மறுதலை. ‘இல்லை’ என்னும் விடைக்கு, ‘இட்ட விலையுள் வரி அடங்கவில்லை. ஆதலின் அதன்மேல் வரியைக் கூட்டுக’ என்பதே பொருள்.

இதன் விளைவை எண்ணாற் காட்டுவோம். இந்தியாவிற் சரக்கு சேவை வரி 2017ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வறுக்காத காப்பிக்கொட்டைக்கு இவ்வரி இல்லை. வறுத்த காப்பிக்கு வரி நூற்றுக்கு ஐந்து. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, பொட்டலத்தின்மீது வரிகள் அனைத்தையும் உள்ளடக்கிய உச்ச விலை அச்சிடப்பெற வேண்டும். அதற்கு மேற்பட்டு விற்றலும் கூடாது. வணிகர் பொட்டலத்தின்மீது ரூ. 525 என அச்சிட்டு, கடையிலும் 525 என்றே இட்டிருந்தார். அதனுள் ரூ. 500 பொருளின் விலை, ரூ. 25 வரி. கடையோ 525ஐயே வரி நீங்கிய விலையாகக் கொண்டு, அதன்மேல் ரூ. 26.25 வரி கூட்டி, ரூ. 551.25 பெற்றது. வாங்கியோர் ஒருவர் பொட்டலத்தில் உள்ள விலையைச் சுட்டி எழுதிய பின்னரே செய்தி வெளிப்பட்டது. வணிகர் மிகுதியாய்ப் பெற்ற தொகையைத் திருப்பியளித்தார். எம்மிடம் அவர் சினந்து பேசினாரல்லர். “வரி இல்லை என்றுதானே எழுதியிருந்தீர்கள், ஐயா?” என்று மட்டும் கேட்டார். அவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை.

பிழை கருவியினது அன்று. அது கொணர்ந்த செய்தி சரியானதே. பிழை உரையினது. நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றம் பத்தனுள் முதற்கண் வைத்தது குன்றக் கூறல். யாம் சுருக்கம் என்று எண்ணிச் செய்தது அக்குற்றமே. ஒரு வினாவுக்குரிய விடையை, வினாவை நீக்கிவிட்டுத் தனியே நிறுத்தினோம். ‘இல்லை’ என்னும் சொல் எதனை மறுக்கிறது என்பது வினாவை நோக்கியே அறியப்படும். வினா நீங்கியவுடன் அது மயங்க வைத்தலாயிற்று. ஒரு குற்றம் பிறிதொரு குற்றத்தை ஈன்றது.

4. பாயிரத்தின் இன்றியமையாமை

ஏட்டைத் திருத்தி எழுதப் புகுந்தபோது, முதற்கண் பாயிரம் வகுத்தோம். நூல் செய்தோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் சிறப்புப்பாயிரத்து இலக்கணமாக நன்னூலிற் கூறப்பெறுகின்றன. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று கொள்வாரும் உளர். இவற்றைக் கருவி விளக்கத்துக்குப் பொருத்திப் பார்க்குமிடத்து, ஒன்றேனும் மிகையாகத் தோன்றவில்லை. யார் எழுதிய கருவி, எம்மென்பொருளின் எப்பதிப்பை அடியாகக் கொண்டது, எதனைச் செய்யும், எதனைச் செய்யாது, யார் படித்தற்குரியது, படித்தலாற் பெறும் பயன் என்ன, என்று எழுதப்பட்டது என்பன யாவும் படிப்பவர்க்கு முதற்கண் வேண்டுவன.

இவற்றுள் எல்லையும் கேட்போரும் தனியே கருதத்தக்கன. எம் முதல் ஏட்டிற் கேட்போர் யார் என்று யாம் வரையறை செய்தோமல்லோம். நிரல் எழுதுவோரை எண்ணிச் சில தொடர்களும், கடை நடத்துவோரை எண்ணிச் சில தொடர்களும் கலந்து கிடந்தன. திருத்திய ஏட்டில், ‘இஃது இணையத்திற் கடை நடத்துவார்க்கு உரியது. நிரல் எழுதும் பயிற்சி வேண்டா’ என்று முதற்பக்கத்திலேயே எழுதினோம். அவ்வொரு வரி எழுதியபின், எத்தொடரை வைப்பது, எதனை நீக்குவது என்பதில் எமக்கு ஐயம் எழவில்லை.

பாயிரம் செய்தற்கு உரியார் நூலாசிரியனின் வேறாவர் என்பதும் மரபு. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்தவர் உடன்கற்ற பனம்பாரனார். தற்புகழ்ச்சி நீக்குதலே இதற்குரிய காரணமாகக் கூறப்படும். கருவி விளக்கத்திலோ பிறிதொரு காரணமும் உண்டு. கருவியை ஆக்கியவர்க்கு அதன் உட்கிடை யாவும் தெரியும். தெரிந்ததனைச் சொல்லாது விடுதல் எவர்க்கும் இயல்பு. வேறொருவர் எழுதப் புகுந்தால், அறியாமையாற் கேட்கும் வினாக்களே உரையை நிறைவு செய்யும். எம் மாணவர்க்கு நிரலறிவு இல்லாமை இப்பணிக்குத் துணையாயிற்றேயன்றிக் குறையாகவில்லை.

5. காண்டிகையின் ஐந்து உறுப்புகள்

உரை இருவகைப்படும் என்பது நன்னூல் கூறுவது: காண்டிகை, விருத்தி என. விருத்தி, சூத்திரத்துக்கு இன்றியமையாத பிறவற்றையும் கொணர்ந்து விரித்துரைப்பது. காண்டிகை, கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்னும் ஐந்தனால் உட்பொருளைத் தோற்றுவிப்பது. கருவியின் விடை சூத்திரம் போன்றது. சுருங்கியது. தன்னளவிற் குறைவில்லாதது. ஆயினும் அறியாதார்க்கு விளங்காதது. அதற்கு விருத்தி வேண்டா. காண்டிகையே அமையும்.

மேற்கூறிய வரி அமைவுக்குத் திருத்திய ஏட்டில் யாம் எழுதியது வருமாறு:

கருத்து: நீவிர் கடையில் இடும் விலை, வரியை உள்ளடக்கியதா என்பதை இவ்வமைவு வினவுகிறது.

பதப்பொருள்: ‘ஆம்’ எனின், இட்ட விலைக்குள் வரி அடங்கியுள்ளது. வாங்குவோர் அவ்விலையே தருவர். ‘இல்லை’ எனின், இட்ட விலையின்மேல் வரி கூட்டப்படும். முன்னிருப்பு ‘இல்லை’ என்பது.

எடுத்துக்காட்டு: வறுத்த காப்பி, இட்ட விலை ரூ. 525, வரி நூற்றுக்கு ஐந்து. ‘ஆம்’ எனின் வாங்குவோர் தருவது ரூ. 525. ‘இல்லை’ எனின் ரூ. 551.25.

வினா: பொட்டலத்தின்மீது அச்சிட்ட உச்ச விலையையே கடையிலும் இட்டுள்ளேன். எவ்விடை இருத்தல் வேண்டும்?

விடை: ‘ஆம்’ என்று இருத்தல் வேண்டும். அன்றேல், அச்சிட்ட விலையினும் மிகுதியாகப் பெற நேரும். பொதுத் தொகுதியில் ‘வரி கணக்கிடுக’ என்னும் அமைவு ‘இல்லை’ என்றிருப்பின், இவ்வமைவுக்கு வேலையில்லை. அதனையும் உடன் நோக்குக.

இவ்வுரையின் இறுதித் தொடர் கருதத்தக்கது. ஓர் அமைவின் பொருள் வேறொரு தொகுதியிலுள்ள மற்றோர் அமைவைச் சார்ந்து நிற்கிறது. கருவியோ தொகுதி தொகுதியாகவே கொணரும். அவ்விரண்டையும் இணைத்துக் காட்டல் உரைகாரர் கடமை. முன்னும் பின்னும் உள்ளவற்றைத் தொடுத்துப் பொருள் கொள்ளச் செய்யும் இதனை மாட்டெறிந்தொழுகல் என்னும் உத்தியோடு ஒப்பிடலாம்.

ஐந்து உறுப்புள் எது மிகவும் பயன்பட்டது என ஆராயின், வினாவே எனல் வேண்டும். கருத்தும் பதப்பொருளும் அமைவை நோக்கி நிற்பன. வினாவோ படிப்பவரை நோக்கி நிற்பது. வணிகர் தம் நிலையில் நின்று என்ன கேட்பார் என்று எண்ணி எழுதும்போதுதான், ‘உச்ச விலை’ என்னும் செய்தியே உரையுட் புகுந்தது. மென்பொருளின் ஆங்கில விளக்கத்தில் அதற்கு இடமில்லை. அது பல நாட்டார்க்கும் பொதுவாக எழுதப்பட்டது. நம் நாட்டு வணிகர்க்கு வேண்டுவதை உரைகாரரே உய்த்துணர்ந்து சேர்த்தல் வேண்டும்.

6. எண்ணும் அலகும் குறியும்

மேற்கூறியதேயன்றி, உரையின்றி மயங்கற்குரிய அமைவுகள் இன்னும் சில உள. அவற்றுள் மூன்றனைக் காட்டுவோம்.

முதலாவது, எடையின் அலகு. வூகாமர்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் எடை வெற்றெண்ணாகவே பதியப்படும். அவ்வெண் கிலோகிராமா, கிராமா, பவுண்டா, அவுன்சா என்பதைப் பொருள்கள் தொகுதியிலுள்ள ஓர் அமைவு ஒன்றே முடிவு செய்கிறது. காற்கிலோப் பொட்டலத்துக்கு 250 என்று எண்ணிட்டு, அலகு கிலோகிராம் என நின்றால், கடை அதனை இருநூற்றைம்பது கிலோவாகவே கொள்ளும். எடையை அடியாகக் கொண்டு அஞ்சற் செலவு கணக்கிடப்படுமாயின், வாங்குவோர் கடையை விட்டு நீங்குதல் திண்ணம். இவ்வமைவை மாற்றினாலும், முன்னர்ப் பதிந்த எண்கள் தாமே மாறா. நாணய அமைவும் இத்தன்மையதே. டாலர் என்பதை ரூபாய் என மாற்றினால், எண்ணின் முன் நிற்கும் குறி மாறுமேயன்றி எண் மாறாது. ஆகவே, ‘அலகை மாற்றுமுன் பொருள்களின் எண்ணை நோக்குக’ என்னும் எச்சரிக்கையைக் காண்டிகையின் விடையுறுப்பில் வைத்தோம்.

இரண்டாவது, எண்ணின் இடைக்குறி. நாம் ஓரிலட்சத்து இருபத்தையாயிரத்தை 1,25,000 என எழுதுவோம். முதல் மூன்று இலக்கத்துக்குப் பின் இரண்டிரண்டாகப் பிரித்தல் நம் நாட்டு வழக்கு. கடை அமைவிலோ, இடையில் இடும் குறி காற்புள்ளியா பிறிதொன்றா என்பதை மட்டுமே தெரிவு செய்ய இயலும். எத்தனை இலக்கத்துக்கு ஒருமுறை இடுவது என்பதைத் தெரிவு செய்ய அவ்வமைவில் இடமில்லை. மூன்று மூன்றாகவே பிரிக்கப்பெற்று, 125,000 என்று தோன்றும். தோட்டக்காரர் ஒருவர் மூட்டைக் கணக்கில் விற்கும்போது இது கண்ணை மயக்கும். மொழிகளுக்குரிய எண், நாள், நாணய வழக்குகளை உலகளாவிய நிலையில் தொகுத்து வைக்கும் யூனிகோடு வட்டாரத் தரவுத் தொகுப்பில், இந்தியத் தமிழுக்கு இரண்டிரண்டாகப் பிரிக்கும் முறையே குறிக்கப்பட்டுள்ளது. தரவு உண்டு. கடை அதனைக் கொள்ளவில்லை. இதனைக் குறையென்று பழிப்பதினும், ‘பட்டியலில் 125,000 என்று காணப்படுவது ஓரிலட்சத்து இருபத்தையாயிரமே’ என்று உரையில் எழுதிவைத்தல் பயனுடைத்து.

மூன்றாவது, இடக்குறி. கடை எந்நாட்டில் எம்மாநிலத்தில் உள்ளது என்பதை ஈரெழுத்துக் குறியிரண்டு சேர்ந்து காட்டும். இந்தியாவுக்கு ஐ.என்., தமிழ்நாட்டுக்கு டி.என். இவ்விரண்டும் இடையில் முக்காற்புள்ளி பெற்று ஒரே மதிப்பாக வரும். எம் மாணவர் முதலில் இதனைப் பிரித்து இரு வரியாக்கி, டி.என். என்பதைத் தனியே நிறுத்தினர். உலக நாடுகளின் குறிப்பட்டியலில் டி.என். என்பது துனிசியா நாட்டின் குறி. மாநிலக் குறி நாட்டுக் குறியோடு சேர்ந்தே பொருள் தரும். தனியே நின்றால் கடல் கடந்து செல்லும். அடைமொழி நீங்கிய சொல் பொதுப்பொருள் கொள்ளுதல் போன்றது இது. சேர்ந்தே நிற்பதைச் சேர்த்தே காட்டுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைக்கவில்லை.

7. முன்னிருப்பும் கருத்தும்

இனி, எம் முதல் ஏடு விலக்கிய முன்னிருப்பைக் குறித்து ஆராய்வோம். அதனைக் காட்டியிருந்தால் வணிகர் பிழை நேராதிருக்குமோ எனின், நேராதிருக்கக் கூடும் என்றே கூறவேண்டும். ‘முன்னிருப்பு: இல்லை, நடப்பு: இல்லை’ என இரண்டும் ஒத்திருக்கக் கண்டால், ‘இதனை நாம் தொட்டதேயில்லை போலும்’ என்னும் ஐயம் எழும். ஐயம் எழுந்தால் ஆராய்ச்சி பிறக்கும்.

எனினும், ஈண்டு ஓர் எல்லை உண்டு. முன்னிருப்பும் நடப்பும் ஒத்திருத்தலைக் கொண்டு, கடைக்காரர் அவ்வமைவைத் தொடவில்லை என்று துணிதல் இயலாது. அவர் ஆராய்ந்து அவ்விடையையே தெரிந்திருக்கவும் கூடும். கருவி மதிப்பைக் கொணருமேயன்றி, மதிப்பை இட்டவர் கருத்தைக் கொணராது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் இந்நிலையை நன்கு அறிவர். சுவடிகள் பலவற்றிலும் ஒரே பாடம் காணப்படின், அஃது ஆசிரியர் பாடமோ, முந்தைய ஏடெழுதுவோர் ஒருவரின் பாடம் வழிவழியாக வந்ததோ என்பது ஒப்புமை ஒன்றால் மட்டும் முடிவாகாது. ஆதலின், திருத்திய ஏட்டில் அவ்விரண்டும் ஒத்த இடங்களிலெல்லாம், ‘தெரிந்து வைத்ததா, தொடாது விட்டதா என்று உரியவரைக் கேட்க’ என்னும் குறிப்பைச் சேர்த்தோம். கருவிக்கு இயலாததனை மாந்தரிடம் ஒப்படைப்பதும் உரையின் கடமையேயாம்.

8. சொல்லாட்சி

கலைச்சொல் தெரிவில் யாம் கொண்ட நெறியைச் சுருங்கக் கூறுவோம். திரையில் ‘அமைப்புகள்’ என்னும் சொல்லே பெருவழக்காய் உள்ளது. ஆயினும், அமைப்பு என்பது நிறுவனத்தையும் கட்டமைப்பையும் குறித்து வருதலின், உரைநடையுள் அமைவு என ஆண்டோம். திரையிலுள்ள சொல்லைச் சுட்டவேண்டிய இடத்து மட்டும், அதனை உள்ளவாறே மேற்கோட்குறியுள் வைத்தோம். உரைகாரர் பாடத்தைத் திருத்துதல் தகாது. படிப்பவர் அச்சொல்லைத் திரையிற் கண்டு தேட வேண்டுமன்றோ?

மதிப்பு என்னும் சொல் கடைச் சூழலில் விலையையும் குறிக்கும். ‘நாணயத்தின் மதிப்பு’ என எழுதினால், மாற்று விலை என்று கொள்ள இடமுண்டு. ஆதலின், முன்னிருப்பு, நடப்பு என இரண்டையும் இணையாக ஆண்டோம். கடைக்காரர் வருமுன்னரே இருந்தது முன்னிருப்பு. அவர் வந்தபின் நடப்பது நடப்பு. இவ்விணை மலைமேல் வணிகர்க்கு விளக்கமின்றியே விளங்கியது. இச்சொற்களை யாம் புதிதாக ஆக்கவில்லை. வழக்கில் உள்ளவற்றையே வரையறை செய்து கொண்டோம். புதுச்சொல் ஆக்குவதினும், உள்ள சொல்லை ஒரு பொருட்கு ஒன்றாக நிறுத்துதலே இத்தகைய ஏட்டுக்கு வேண்டுவது.

9. காப்பு

கருவி கடையுட் புகுதற்குச் சாவி வேண்டும். வூகாமர்ஸ் அச்சாவியைப் படிக்க மட்டும், எழுத மட்டும், இரண்டற்கும் என மூவகை உரிமையுள் ஒன்றோடு வழங்கும். கொணர்தல் ஒன்றே செய்யும் கருவிக்குப் படிக்கும் உரிமை போதும். மிகுதியான உரிமை அளித்தல், கணக்குப் படித்துக் காட்ட வந்தவரிடம் கல்லாப்பெட்டியின் திறவுகோலையும் கொடுப்பது போலாம். விடை வகைகளுட் கடவுச்சொல் என்பதும் ஒன்று. அவ்வகை அமைவின் மதிப்பைப் பட்டியலிற் காட்டாது மறைத்தல் வேண்டும். விளக்க ஏட்டில் எடுத்துக்காட்டு வைக்கும்போது, உண்மைக் கடையின் சாவியையோ, உரியவர் மின்னஞ்சலையோ இடுதல் கூடாது. இவையெல்லாம் பாயிரத்தின் எல்லைப் பகுதியிலேயே கூறப்பட்டன. இறுதியில் வைத்தால், அவை படிக்கப்படாமற் போதல் கூடும்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. கொணர்கருவி ஒன்றனுக்கு விளக்கம் எழுதுவோர், கொணர்ந்த மதிப்பை மட்டும் காட்டுதல் போதாது. அம்மதிப்பு எவ்வினாவுக்கு விடை, எவ்வலகில் நிற்பது, எதனைச் சார்ந்து பொருள் தருவது, எவர் வைத்தது என்று கருதுதற்கு இடமுண்டு என்பனவற்றையும் உடன் கூறுதல் வேண்டும். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்னும் ஐந்தும் முறையே நின்றால், இவற்றுள் எதுவும் விடுபடாது. பாயிரம் முன்நின்றால், யாருக்காக எழுதுகிறோம் என்பது மறவாது.

தமிழ்த்துறையிற் பயிலும் முதுகலை மாணவர் உரையாசிரியர் நெறியைத் தேர்வுக்காகவும் ஆய்வுக்காகவும் கற்கின்றனர். அந்நெறி இன்று வணிகர்க்கும் உழவர்க்கும் நேரே பயன்படுமாறு செய்தற்கு இத்தகைய ஏடுகள் இடந்தருகின்றன. உரை மயங்கினால் பாட்டின் பொருள் மயங்கும் என்பதை நூலிற் கற்ற எம் மாணவர், உரை மயங்கினால் ஒருவரது கைப்பொருளும் நற்பெயரும் குறையும் என்பதை ஏற்காட்டிற் கண்டனர்.

திருத்திய ஏட்டை மீண்டும் அவ்வணிகரிடம் அளித்தோம். வரியைப் பற்றிய காண்டிகையை அவர் இருமுறை படித்தார். பின்னர்த் தம் கடையின் அமைவை ‘ஆம்’ என்று மாற்றி, எம் கருவியை மறுபடியும் இயக்கச் சொன்னார். பட்டியலில், ‘முன்னிருப்பு: இல்லை; நடப்பு: ஆம்’ என்று வந்தது. அதனைத் தாமே படித்து, வாங்குவோர் தருவது ரூ. 525 என்று எமக்கு உரை கூறினார்.